தீயணைக்கும் தொண்டர்களின் பணப்பெட்டி

தீயணைக்கும் தொண்டர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர்களுடைய வீரத்தை மாத்திரம் புகழ்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம் இன்று அவர்களுடைய பணப்பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். ஏனென்றால், வீரம் இனாமாய்க் கிடைத்தாலும் கிடைக்கும். தண்ணீர்க் குழாய் இனாமாய்க் கிடைக்காது.

1736-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளின் என்பவரும் அவர் நண்பர்களும் ஒரு தீயணைப்புச் சங்கம் ஏற்படுத்தினார்கள். அங்கத்தினர் 30 பேர், சம்பளம் கிடையாது. ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் தோல் வாளிகளும், எரிகிற வீட்டுச் சாமான்களை அள்ளிவரப் பைகளும் வைத்திருக்க வேண்டும். மாதாந்தக் கூட்டத்திற்கு வராதவருக்குச் சிறு அபராதம். அந்த அபராதக் காசைக் கொண்டே ஏணி, கொக்கி, யந்திரம் முதலியவை வாங்கினார்கள். தீயானது எவருடைய பக்தியையும் பார்த்து விலகிப் போவதில்லை. வாளியில் தண்ணீர் இருந்தால்தான் அடங்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்றைய சங்கதி என்ன? 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி அந்நாட்டில் தீயணைப்போர் சுமார் 10 லட்சம் பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொண்டர்களே. ஆனால் அன்று வாளி போதும். இன்றோ ஒரு தீயணைப்பு லாரியின் விலை பல லட்சம் டாலர். உடுப்புக்குக்கூட 10 வருஷந்தான் ஆயுள். இந்தப் பணத்திற்காகச் சிற்றூர்த் தொண்டர்கள் தோசை போன்ற பலகாரம் சுட்டு விற்கிறார்கள். கோழி வாட்டி விற்கிறார்கள். பிங்கோ ஆட்டம் நடத்துகிறார்கள்!

உயிரைக் கொடுக்கத் துணிந்தவனே கரண்டியையும் பிடிக்க வேண்டுமென்றால், அந்த மானக்கேடு அவனுக்கா, ஊருக்கா?

லாரி 20 வருஷம் உழைக்குமென்றால், வருஷந்தோறும் விலையில் 20-ல் ஒரு பங்காவது ஒதுக்கி வைக்க வேண்டும். பலகார விற்பனை ஒரு வருஷம் நடக்கும், ஒரு வருஷம் மழையில் படுத்துவிடும். லாரி தேய்வது மாத்திரம் நிற்பதில்லை. ஆகவே, நிச்சயமான செலவுக்கு நிச்சயமான வரியே தக்கது. வரி என்றதும் முகஞ்சுளிக்கிற வீட்டுக்காரர் ஒன்றை யோசிக்க வேண்டும். தீயணைப்பு வசதி குறைந்த ஊரில் அங்கே வீட்டு இன்ஷூரன்ஸ் கட்டணமே ஏறிப்போகிறது. வரியில் மிச்சம் பிடித்தது கட்டணத்தில் போய்விடுகிறது.

தொண்டர்களுக்கும் ஒரு சொல். நல்லெண்ணம் கணக்காகாது. ஒவ்வொரு செலவுக்கும் இரண்டு கையெழுத்து இருக்கட்டும். வருஷக் கணக்கு ஊரார் கண்ணெதிரே இருக்கட்டும். கணக்குக் காட்டாத சங்கத்திற்கு வரி கொடுக்க எவன் சம்மதிப்பான்?

நாம் சொன்னதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம், தோழர்களே! வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.