தனி ஒருவர் கேட்ட கேள்விகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"எதிர்க்கட்சியின் கடமை" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, சுருக்கமாப் பேசுங்கன்னும் காதில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு அம்மையாரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவர் பெயர் ஹெலன் சுஸ்மன். நாடு தென்னாப்பிரிக்கா.

நெல்சன் மண்டேலாவை நம் எல்லோருக்கும் தெரியும். இந்த அம்மாவை அவ்வளவாகத் தெரியாது. 1917-ல் பிறந்தவர். ஜோஹானஸ்பர்க்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு சொல்லிக்கொடுத்த ஆசிரியை. 1953-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1948 முதலே அங்கே நிறவெறி ஆட்சி. பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஓட்டே கிடையாது. நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள்.

தன் கட்சி நிறவெறியை உறுதியாக எதிர்க்கவில்லை என்று 1959-ல் சிலருடன் வெளியே வந்து புதுக்கட்சி தொடங்கினார். 1961 தேர்தலில் அந்தக் கட்சியில் ஜெயித்தவர் இவர் ஒருவர்தான்! 150-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்த சபையில், 1974 வரை, 13 வருஷம், தன் கட்சிக்குத் தான் ஒருத்தர் மட்டுமே.

1963-ல் ஒரு சட்டம் வந்தது. யாரையும் விசாரணை இல்லாமல் 90 நாள் அடைத்து வைக்கலாம். பிரதான எதிர்க்கட்சியே அதற்குக் கை தூக்கியது. எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு. யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டுக் கணக்குப் பார்த்தால் இவரால் ஒரு சட்டத்தைக்கூடத் தடுக்க முடியாது. அப்புறம் எதுக்கு அங்கே உட்கார்ந்திருந்தார்? கேள்வி கேட்பதற்காக.

நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் முறைப்படி கேள்வி கொடுத்தால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் சபைக் குறிப்பில் அச்சாகும். அங்கே 1959-ல் வந்த சிறைச் சட்டத்தால், சிறைக்குள் நடப்பதை எழுதவே பத்திரிகைகள் பயந்தன. எழுதியது தவறு என்றானால் வழக்கு, தண்டனை. ஆனால் அமைச்சரே சபையில் சொன்ன பதிலைப் போட்டால் யார் என்ன செய்ய முடியும்? மற்ற கதவெல்லாம் சாத்தியிருந்தபோது இந்த ஒரு சன்னல் திறந்திருந்தது. அம்மையார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவர் கேட்ட விதத்தையும் மாணவர்கள் கவனிக்கணும். "இந்தக் கொடுங்கோல் அரசு வெட்கப்படுகிறதா?" என்று கேட்டால், அமைச்சர் அரை மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். இவர் கேட்டது வேறு மாதிரி. பாஸ் சட்டத்தில் சென்ற ஆண்டு எத்தனை பேர் கைது? விசாரணை இல்லாமல் எத்தனை பேர் உள்ளே? எத்தனை பேருக்குத் தூக்கு? எத்தனை குடும்பங்கள் வீட்டைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டன? இதற்கெல்லாம் பதில் ஒரு எண். கையில் பாஸ் புத்தகம் இல்லாத குற்றத்துக்காக ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் பிடிக்கப்பட்ட நாடு அது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தால் டர்பனில் வேரூன்றியிருந்த நம் தமிழ்க் குடும்பங்களும் வீடு இழந்தன. அந்த எண்களைச் சொல்லச் சொல்ல, அரசாங்கம் தன் மீதே சாட்சி சொன்னது போல ஆயிற்று.

ஒருமுறை ஒரு அமைச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. வெளிநாட்டில் நம்மை அவமானப்படுத்தவே இப்படிக் கேட்கிறீர்கள் என்றார். அம்மையார் சொன்ன பதில்: அவமானம் என் கேள்விகளால் இல்லை, உங்கள் பதில்களால்தான்.

அவர் வெறுமனே காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டவரும் இல்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டார். 1967-ல் ராபன் தீவுச் சிறைக்குப் போனார். அதிகாரிகள் பக்கத்தில் நிற்கும்போதே மண்டேலா குறைகளைச் சொன்னார். கையில் நாஜிச் சின்னம் பச்சை குத்தியிருந்த ஒரு காவலரின் கொடுமையையும் சொன்னார். அம்மையார் விஷயத்தை விடவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் காவலர் அங்கிருந்து மாற்றப்பட்டார். இந்த அம்மா எந்த நேரமும் சபையில் எழுந்து கேட்கக்கூடும் என்ற பயமே ஒரு பாதுகாப்பு, இல்லீங்களா?

இதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. சபையில் கூச்சல், யூதப் பெண் என்ற ஏளனம். 1966-ல் பிரதமர் வெர்வூர்ட் சபைக்குள்ளேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டபோது, பின்னாளில் பிரதமரான பி.டபிள்யூ. போத்தா, உங்களைப் போன்றவர்கள்தான் இதற்குக் காரணம் என்று அவர் முகத்துக்கு நேராகவே கத்தினார். மறுபக்கத்தில், வெள்ளையர் சபையில் உட்கார்ந்து அதற்கு மரியாதை தேடித் தருகிறார் என்றும், பொருளாதாரத் தடைகளை எதிர்க்கிறார் என்றும் விடுதலைப் போராளிகள் சிலரே குறை சொன்னார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இவர் கேள்வியால்தான் நிறவெறி விழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதை வீழ்த்தியது தெருவில் ரத்தம் சிந்திய மக்கள். ஆனால் நடந்தது எதுவும் எங்களுக்குத் தெரியாது என்று பிறகு யாரும் சொல்ல முடியாமல் போயிற்று. எல்லாம் அமைச்சர் வாயாலேயே பதிவாகிவிட்டதே! பாஸ் சட்டம் 1986-ல் போயிற்று. 36 வருஷம் சபையில் இருந்துவிட்டு 1989-ல் அம்மையார் ஓய்வு பெற்றார். 1996-ல் மண்டேலா புதிய அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டபோது அவரும் உடனிருந்தார். 2009-ல் தமது 91-வது வயதில் காலமானார்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் கேள்வி கேட்க எம்.பி. ஆக வேண்டியதில்லை. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய் கட்டணத்தோடு மத்திய அரசு அலுவலகத்துக்கு ஒரு சாதாரணக் குடிமகனே எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் வரவேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஏரி எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள். அந்தந்த அலுவலகத்துக்கு எழுதுங்கள். கோபத்தை வைத்துக்கொண்டு, எண்ணைக் கேளுங்கள். தேதியைக் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பதில் வரவில்லை என்றால் மேல்முறையீடு செய்யுங்கள்.

பக்கத்தில் துணைக்கு ஆள் இல்லையே என்று தயங்க வேண்டாம். 13 வருஷம் ஒரு அம்மா தனியாகக் கேட்டிருக்கிறார்.