கருஞ்சேறு செய்யும் மருத்துவம்

இன்று சேற்றைப் பற்றிச் சில சொற்கள் பேச விழைகிறேன். மாணவ நண்பர்கள் முகம் சுளித்தல் வேண்டா. நாம் வெறுக்கும் சேற்றுக்குள் நோயுற்ற ஆறுகளைத் தேற்றும் மருந்தொன்று மறைந்திருக்கிறது.

என் இளமைக் காலம் வண்டியூரில் கழிந்தது. கோடையில் கண்மாய் வற்றும்போது அதன் ஓரத்தில் இறங்கி விளையாடுவோம். முழங்கால்வரை கருஞ்சேறு அப்பிக்கொள்ளும். கூமுட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஒருநாள் என் தங்கையின் வெள்ளிக் கொலுசு சேற்றில் புதைந்துவிட்டது. மறுநாள் கண்டெடுத்தபோது அது கறுத்திருந்தது. பாட்டி திருநீற்றால் துலக்கி அதனை வெளுப்பாக்கினார். நாங்கள் கரையில் வாரி எறிந்த சேறோ, வெயிலும் காற்றும் பட்டுக் கருமை நீங்கிப் பழுப்பாகிவிட்டது. கொலுசு ஏன் கறுத்தது? சேறு ஏன் வெளிறியது? கல்லூரியில் இரசாயனம் பயின்ற பின்னரே இவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைத்தது.

காற்றுப் புகாத சேற்றில் ஒருவகைப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் பிராணவாயுவைக் கொண்டு உயிர்ப்பதைப் போல, அவை நீரில் கரைந்துள்ள சல்பேட்டு உப்பைக் கொண்டு உயிர்க்கின்றன. அழுகிய இலை, வைக்கோல், சாணம் முதலியன அவற்றுக்கு உணவாகின்றன. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவே அந்தக் கூமுட்டை நாற்றம். அது வெள்ளியைத் தொட்டால் வெள்ளி கறுக்கும். இரும்போடு கூடினால் கரிய இரும்பு சல்பைடாகப் படியும். சேற்றின் நிறம் அதுதான். காற்றுப் பட்டால் அச்சேர்க்கை சிதைந்து துருவாக மாறும். இவ்வுயிர்களை 1895இல் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் பெயரிங்க் என்னும் விஞ்ஞானி இனங்கண்டார்.

இனி, வண்டியூரை விட்டு மேகாலயத்து ஜைந்தியா மலைகளுக்குச் செல்வோம். அங்குள்ள நிலக்கரியில் கந்தகம் மிகுதி. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல்நீர் கலந்த சதுப்பு நிலத்தில் அக்கரி உருவாகத் தொடங்கியபோது, நம் கண்மாயில் வாழும் பாக்டீரியாக்களின் உறவினங்களே கந்தகத்தை இரும்போடு பிணைத்துப் பைரைட்டு என்னும் கனிமமாகப் பூட்டிவைத்தன. மனிதன் கரிக்காக எலிவளை போன்ற குறுகிய சுரங்கங்களைத் தோண்டினான். காற்றும் மழைநீரும் உட்புகுந்தன, பூட்டுத் திறந்தது. பைரைட்டு சிதைந்து கந்தக அமிலமாகவும் கரையும் இரும்பாகவும் வெளிப்பட்டது.

இச்சிதைவை விரைவுபடுத்துவதும் ஒரு பாக்டீரியாவே. அமெரிக்காவின் சுரங்க நீரில் அது வாழ்வதை 1947இல் ஆய்வாளர் கண்டனர். அமில நீரில் தானாக மிக மெதுவாக நிகழும் இரும்பின் மாற்றத்தை, அது சுமார் 10 லட்சம் மடங்கு துரிதப்படுத்த வல்லது.

அமிலம் ஓடைகளில் கலந்தது, மீன்கள் மடிந்தன. அஸ்ஸாமுக்குப் பாயும் கோப்பிலி ஆற்றில் புனல்மின் நிலையத்தின் உலோகக் கருவிகளும் அரிக்கப்பட்டன. இதனை எதிர்த்து அனைத்துத் திமாசா மாணவர் சங்கம் முறையிட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் எலிவளைச் சுரங்கங்களுக்குத் தடை விதித்தது. வழக்காடியவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஆயினும், தோண்டுவதை நிறுத்தினாலும், திறந்து கிடக்கும் குழிகளில் அமிலம் ஊறுவது நிற்பதில்லை.

அதற்கு மருந்து என்ன? திறந்த பூட்டை மீண்டும் சேற்றைக் கொண்டு பூட்டுவதே. 1969இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர், மரத்தூள் குவியலின் ஊடே கசிந்த சுரங்க நீரை ஆராய்ந்து, சேற்றுப் பாக்டீரியாக்கள் அங்குச் சல்பேட்டைக் குறைப்பதை எடுத்துரைத்தனர். 1995இல் கனடாவின் சட்பரிக்கு அருகே, நிலத்தடியில் ஓடிய சுரங்க நீரின் குறுக்கே ஓர் அகழி வெட்டி, அதில் குப்பை உரம், இலைச்சருகு, மரச்சில்லு ஆகியவற்றை நிரப்பினர். லிட்டருக்கு 740 முதல் 1000 மில்லிகிராம் வரை இருந்த இரும்பு, அகழியைக் கடந்தபின் 91 மில்லிகிராமுக்கு மேற்படவில்லை. இரும்பு சல்பைடாகப் படிந்தது. பாக்டீரியாக்கள் உண்டாக்கிய பைகார்பனேட்டு அமிலத்தைத் தணித்தது.

இது மந்திரமன்று. கடும் அமிலத்தில் இப்பாக்டீரியாக்கள் பிழைக்கமாட்டா; அத்தகைய நீரை முதலில் சுண்ணாம்புக்கல்லின்மேல் ஓடவிட்டுத் தணிக்கவேண்டும். உணவு தீர்ந்தால் அவற்றின் வேலையும் தீரும். ஆகவே வைக்கோலும் சாணமும் காலந்தோறும் இடப்படவேண்டும். குளிரில் அவை சோம்பிவிடும். படிந்த சல்பைடு மீண்டும் காற்றைக் கண்டால், எங்கள் கரையில் வெளிறிய சேற்றின் கதையே திரும்பவும் நிகழும். ஹைட்ரஜன் சல்பைடு உயிர்கொல்லும் நஞ்சு என்பதையும் மறத்தலாகாது. அதனை நம்பி மூடிய குழிகளில் எவரும் இறங்கலாகாது.

நண்பர்களே, இயற்கை 5 கோடி ஆண்டுகள் பூட்டிவைத்ததை நாம் ஒரு தலைமுறையில் திறந்துவிட்டோம். பூட்டும் வித்தை அறிந்த சிற்றுயிர்கள் இன்றும் நம் காலடியில் இருக்கின்றன. அவை நம்மிடம் வேண்டுவது நாம் வீணென்று எறியும் சக்கையும் சருகும், அவற்றை ஆண்டுதோறும் தவறாது அளிக்கும் பொறுமையுமே. அடுத்த முறை கண்மாய்க் கரையில் மூக்கைப் பொத்தும்போது இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.