கைப்பேசியும் குடும்பக் காப்பும்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கல்வி நிதி, கலியாண மண்டபக் கணக்கு முதலிய முக்கிய விஷயங்களைப் பற்றிப் பெரியோர்கள் பேசி முடித்த பின்னர், கைப்பேசியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும், இன்று நம் குடும்பங்களின் பொருள் எங்கே இருக்கின்றது என்று சற்று யோசித்துப் பாருங்கள். நம் பாட்டனார் காலத்தில் அது இரும்புப் பெட்டியில் இருந்தது. சாவி பாட்டியாரின் இடுப்பில் இருந்தது. இன்றோ பெட்டியும் சாவியும் ஒன்றாகிக் கைப்பேசி என்னும் ஒரே பொருளாய் நமது சட்டைப் பையில் கிடக்கின்றன. அதனைக் குழந்தை அழுதால் விளையாடக் கொடுக்கின்றோம். முன்பின் அறியாதவன் கூப்பிட்டாலும் காதில் வைத்துக்கொள்கின்றோம். ஆதலால் இவ்விஷயம் கல்வி நிதிக்கும் மண்டபக் கணக்கிற்கும் எவ்வகையிலும் குறைந்ததன்று.

யான் கம்ப்யூட்டர் சாஸ்திரம் கற்றவன் அல்லன், கடை நடத்துகிறவன். என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு துன்பமே என்னை இம்மேடைக்கு இழுத்து வந்தது. அதனை மறைக்காமல் முதலில் கூறிவிடுகின்றேன்.

என் தமக்கையார் கணவரை இழந்தவர். ஒரு திங்கட்கிழமை காலை அவருக்கு ஒரு டெலிபோன் வந்தது. அவர் பெயரில் அனுப்பப்பட்ட பார்சலில் போதை மருந்து அகப்பட்டதாக ஒருவன் கூறினான். பின்னர்ப் போலீஸ் உடை தரித்த வேறொருவன் வீடியோவில் தோன்றி, "அம்மா, தாங்கள் காவலில் இருக்கிறீர்கள், இணைப்பைத் துண்டித்தாலும், பிறரிடம் சொன்னாலும் தங்கள் மகனையும் கைது செய்வோம்" என்றான். மூன்று நாட்கள் அவர் உறங்கவில்லை. புதன்கிழமையன்று பாங்கிக்குப் போய், கணவர் வைத்துச் சென்ற வைப்புத் தொகையை முறித்து, 11 லட்சம் ரூபாயை அவன் சொன்ன கணக்கிற்குச் "சோதனைக்காக" அனுப்பிவிட்டார். சோதனை முடிந்ததும் பணம் திரும்பும் என்பது அவன் வாக்கு.

அதன் பின் நடந்ததுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. அவர் ஏமாந்ததை வியாழனன்றே உணர்ந்துவிட்டார். ஆயினும் என்னிடம் வந்து சொன்னது அடுத்த செவ்வாய்க்கிழமை. "ஏன் அக்கா, அன்றே சொல்லவில்லை?" என்றேன். "படித்தவள் இப்படி ஏமாந்தாள் என்று ஜனங்கள் பேசுவார்களே, தம்பி, உன் மகள் கலியாணப் பேச்சு நடக்கிற நேரத்தில் குடும்பத்துக்கு ஒரு பேச்சு வேண்டாமென்று இருந்தேன்" என்றார். அந்த ஆறு நாட்களில் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிப் போய்விட்டது. தடுத்து நிறுத்த முடிந்தது நாற்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. திருடன் கொண்டுபோனதில் ஒரு பங்கு அவன் சாமர்த்தியத்தால் போயிற்று; மறு பங்கு நமது வெட்கத்தால் போயிற்று என்றே யான் கருதுகின்றேன்.

சகோதரர்களே! "டிஜிட்டல் அரெஸ்ட்" என்பதாக ஒன்று இந்நாட்டின் சட்டத்தில் கிடையாது. போலீஸாரோ, சுங்க இலாகாவோ, நீதிமன்றமோ வீடியோ மூலம் ஒருவரைக் காவலில் வைப்பதுமில்லை. சோதனைக்கென்று பணம் அனுப்பச் சொல்வதுமில்லை. பிரதம மந்திரி அவர்களே 2024 அக்டோபர் 27-இல் வானொலிப் பேச்சில் இதனை எடுத்துக் கூறி, பொறுமின், யோசியுங்கள், பின்பு செய்யுங்கள் என்னும் கருத்துப்பட எச்சரித்தார். வஞ்சகனுடைய ஆயுதங்கள் இரண்டே. ஒன்று அவசரம், மற்றொன்று தனிமை. "இப்பொழுதே செய்" என்பான். "யாரிடமும் சொல்லாதே" என்பான். இவ்விரண்டு சொற்களையும் எவன் ஒருங்கே சொல்கின்றானோ அவன் திருடன் என்று அறிக. அவன் குரல் கலெக்டரைப் போல் இருந்தாலும், பெற்ற மகனைப் போலவே இருந்தாலும், இணைப்பைத் துண்டித்துவிட்டு, நாம் முன்னரே அறிந்த எண்ணில் நாமே கூப்பிட்டு விசாரித்தல் வேண்டும்.

நிற்க. பணம் போயிற்று என்று அறிந்தவுடன் செய்யத்தக்கது யாதெனில், அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்வதாம். இது சைபர் குற்றங்களுக்கென மத்திய சர்க்கார் ஏற்படுத்திய எண். விவரம் அங்கிருந்து பாங்கிகளுக்குப் போய்ச் சேர்ந்து, திருடன் பணத்தை எடுத்துக்கொள்ளுமுன் அது கிடக்கும் கணக்கில் நிறுத்தி வைக்கப்படக் கூடும். உடன் தத்தம் பாங்கிக்கும் தெரிவித்தல் வேண்டும். நம் குற்றமும் பாங்கியின் குற்றமும் இல்லாமல் மூன்றாம் மனிதரால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கைக்காரருக்கு நஷ்டமில்லை என்று ரிஸர்வ் பாங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை பிறப்பித்தது. நாமே இரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் நம்முடையது என்றும் அதே அறிக்கை கூறிற்று. எவ்வகையில் நோக்கினும், தாமதம் நம் கைப்பொருளையே தின்னும்.

இனி, நம்மவரிடையே வழங்கும் சில அபிப்பிராயங்களை ஆராய்வோம்.

"யு.பி.ஐ. என்பதே ஆபத்து, ரொக்கமே உத்தமம்" என்பார் சிலர். 2016-இல் தொடங்கிய இம்முறையால் நமது சிறு கடைக்காரர்களுக்குச் சில்லறைத் தொல்லை நீங்கியதை மறுக்க முடியாது. இதில் அறிய வேண்டிய சூத்திரம் ஒன்றே. பணம் கொடுப்பவர்தாம் இரகசிய எண்ணை இடவேண்டும்; பணம் பெறுகிறவர் ஒன்றும் இடவேண்டுவதில்லை. "உங்களுக்குப் பணம் அனுப்புகின்றேன், இந்த க்யூ.ஆர். சித்திரத்தைப் படம் பிடித்து உங்கள் எண்ணை இடுங்கள்" என்று ஒருவன் சொன்னால், அவன் அனுப்பவில்லை, எடுக்கின்றான் என்பது தெளிவு. கடையிலுள்ளோர் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். வாடிக்கைக்காரர் காட்டும் படத்தை நம்பாமல், நம் கணக்கில் பணம் ஏறிற்றா என்று பார்த்த பின்னரே சரக்கைக் கொடுக்க வேண்டும்.

"மறைசொல்லை மாதந்தோறும் மாற்ற வேண்டும்" என்பது மற்றோர் அபிப்பிராயம். இதன் வரலாறு வேடிக்கையானது. அமெரிக்க சர்க்காரின் தர நிர்ணய ஸ்தாபனமாகிய நிஸ்ட் முன்னர் இவ்வாறான உபதேசம் அடங்கிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதனை எழுதிய பில் பர் என்பவரே, அதிற் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-இல் பத்திரிகைக்குக் கூறினார். மாற்று மாற்று என்றால் மனிதர் என்ன செய்வர்? பழைய சொல்லின் கடைசியில் ஒன்று, இரண்டு என்று எண்ணைச் சேர்ப்பர். அது திருடனுக்கும் தெரியும். ஆதலால் அந்த ஸ்தாபனமும் அவ்வருஷமே தன் விதியைத் திருத்தி, மறைசொல் நீளமாயிருப்பதே முக்கியம் என்றும், களவு போனதற்கு அடையாளம் இருந்தாலன்றிக் கட்டாயமாக மாற்றச் சொல்ல வேண்டாம் என்றும் கூறிற்று. 2009-இல் அமெரிக்காவில் ராக்யூ என்னும் கம்பெனியிலிருந்து 3 கோடியே 20 லட்சம் மறைசொற்கள் களவாடப்பட்டன. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456 என்பதே! ஓரிடத்தில் களவுபோன சொல்லைத் திருடர் எல்லா இடத்திலும் இட்டுப் பார்ப்பர். ஆகையால் ஒரே சாவியால் வீட்டையும் கடையையும் பெட்டியையும் பூட்டலாகாது. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து, இடத்திற்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாபகம் இராத முதியோர் அவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டலாம். இதைக் கேட்டு வாலிபர் சிரிப்பர். தூர தேசத்திலிருந்து திருடுகிறவன் நம் பீரோவைத் திறக்க வருவதில்லை என்பதை அவர்கள் யோசிப்பாராக. பாங்கியின் இரகசிய எண்ணை மட்டும் எங்கும் எழுதலாகாது, ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண்ணை எவருக்கும் வாய்விட்டுச் சொல்லலாகாது.

"கடைக் கம்ப்யூட்டர் பழையதானாலும் நன்றாகத்தான் ஓடுகிறது" என்பது மூன்றாவது அபிப்பிராயம். 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீய நிரல் 150 நாடுகளுக்குமேல் பரவி, கம்ப்யூட்டர்களிலுள்ள கணக்குகளை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் வேலைகள் தடைப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இட்டுக்கொண்டவர் தப்பினர், "நாளைக்குப் பார்ப்போம்" என்றவர் அகப்பட்டனர். விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த சாதாரணப் பராமரிப்பும் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. நம் கடைகளில் பில் போடும் இயந்திரங்களில் எது ஓடுகின்றது என்று நாளையே பாருங்கள். முன்னோர் நாட்குறிப்பும் பேரேடும் தனித்தனியே வைத்ததுபோல், வாரம் ஒரு முறை கணக்கின் நகலைத் தனிப் பெட்டியில் எடுத்து, எடுத்தவுடன் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வேறிடத்தில் வையுங்கள். இணைத்தே வைத்த நகல் மூலத்தோடு சேர்ந்தே கெடும்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. "உன் பாங்கிக் கணக்கைச் சில நாட்கள் கொடு, கமிஷன் தருகின்றேன்" என்று நண்பன் கேட்டால் இணங்காதீர்கள். என் தமக்கையாரின் பணம் அப்படிப்பட்ட கணக்குகளின் வழியேதான் ஓடிற்று. சில ஆயிரத்துக்கு ஆசைப்பட்டவன் பெயரே போலீஸ் காகிதத்தில் முதலில் ஏறும். அன்றியும், கலியாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் பத்திரிகையன்று. கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடியுமாயின், அது கைப்பேசிக்குள் குடியேறும் ஒரு நிரல், அதனைத் திறக்கலாகாது. முகூர்த்த மாதங்களில் நம்மவர் இதில் மிக ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும்.

இனிக் கூறப்போவது சங்கத்தைப் பற்றியது. மூத்தோர் பொறுத்தருள்க.

என் தமக்கையாரிடம் பேசிய வஞ்சகன், அவர் கணவரின் பெயர், பூர்விக ஊர், மகன் வேலை பார்க்கும் இடம் ஆகிய மூன்றையும் பிழையின்றிச் சொன்னான். "இவ்வளவும் தெரிந்தவன் போலீஸாகத்தானே இருக்க வேண்டும்" என்று அவர் நம்பியதற்கு அதுவே காரணம். இம்மூன்றும் டெலிபோன் எண்ணோடும் பிறந்த தேதியோடும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும் இடம் ஒன்றை யான் அறிவேன். அது நமது சங்கத்தின் குடும்ப விவரக் கையேடு. அதிலிருந்துதான் எடுத்தான் என்று யான் சாதிக்க முடியாது. அதிலிருந்து எடுக்கவில்லை என்று நம்மில் எவராலும் சாதிக்க முடியாது. அக்கையேட்டின் சென்ற பதிப்பைத் தொகுத்த மூவரில் யானும் ஒருவன். அதன் பிரதியை வாட்ஸ்அப் குழுக்களில் யாவருக்கும் அனுப்பியவனும் யானே. அன்று எல்லாரும் பாராட்டினர்; யானும் மகிழ்ந்தேன். அடுப்பை மூட்டியவன் கூரையைப் பார்க்கவில்லை.

ஆகையால் மூன்று வேண்டுகோள்களை இச்சபையின் முன் வைக்கின்றேன். முதலாவது, வரும் பதிப்பில் பிறந்த தேதி, டெலிபோன் எண், உத்தியோக விலாசம் ஆகியவற்றை அச்சிடாது விடுவோமாக. உறவினரை நாடுவோர் சங்கக் காரியாலயத்தில் கேட்டறியட்டும். வரன் விவரங்களையும் காரியதரிசி மூலமே பரிமாறிக்கொள்ளட்டும். பழைய பிரதிகளைக் குழுக்களிலிருந்து நீக்கும்படியும் கேட்டுக்கொள்வோம். போனதெல்லாம் திரும்பாது, இனிப் போவதையேனும் தடுக்கலாம். இரண்டாவது, வட்டாரத்துக்கு இரண்டு வாலிபர்கள் மாதம் ஒரு ஞாயிறு முதியோர் வீடுகளுக்குச் சென்று, கைப்பேசிகளைச் சரிபார்த்து, 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வரட்டும். மூன்றாவது, ஏமாந்தவரை நம்மில் எவரும் ஏளனம் செய்யாதிருப்போமாக. இதற்குத் தீர்மானம் வேண்டுவதில்லை. மனம் இருந்தால் போதும். "இனிப் பெண்டிர் கையில் கைப்பேசி எதற்கு?" என்று என் தமக்கையாரைக் குறித்து ஒருவர் கூறினார். அடுத்த மாதமே அவர் பங்கு வியாபாரத்தில் இரட்டிப்பு இலாபம் தருவதாகச் சொன்ன ஒரு குழுவில் சேர்ந்து பணம் இழந்தார் என்பதையும், அதனை இரகசியமாக என்னிடம் மட்டுமே சொன்னார் என்பதையும் அவர் பெயரைக் குறிப்பிடாமல் கூறுகின்றேன். அவர் அனுமதி பெற்றே கூறுகின்றேன்.

என் தமக்கையார் இன்று இச்சபையில் தாய்மார் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். "என் கதையைச் சொல், தம்பி, இன்னொருத்தி ஆறு நாள் வாய்மூடி இருக்க வேண்டாம்" என்று என்னை அனுப்பியவர் அவரே. எனது பேச்சில் பயனுள்ளது ஏதேனும் இருப்பின் அது அவருடையது, குறைகள் என்னுடையவை.