தேங்காய் எண்ணெய் ஏன் உறைகிறது?



குளிர்காலம் வந்துவிட்டால் தோர்ண்டன் ஹீத்தில் நம்மவர் வீடுகளில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்துவிடும். பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் உறையாது. ஏன் இந்த வேறுபாடு?

விடை காபன் அணுக்களின் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு காபனுக்கும் நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையும் சும்மா இருக்கக்கூடாது. கணக்காளனான எனக்குப் பிடித்த விதி இது!

எதேனில் இரண்டு காபன்கள் ஒவ்வொரு கையால் ஒன்றையொன்று பிடித்து, மீதி ஆறு கைகளாலும் ஆறு ஐதரசனைப் பிடிக்கின்றன. இனி இடமில்லை, ஆகவே இது நிரம்பிய ஐதரோகாபன். எதீனில் காபன்கள் இரு கைகளாலும் பிடித்துக்கொள்கின்றன, ஐதரசன் நான்குதான். இது நிரம்பாதது. வாழைக்காயைப் பழுக்க வைக்கும் வாயுவும் இதுவே. அந்த இரண்டாவது பிடி சற்றுத் தளர்வானது. புரோமீன் நீரைச் சேர்த்தால் அப்பிடியை விட்டுப் புரோமீனைப் பற்றிக்கொள்ளும். செம்மஞ்சள் நிறம் மறையும். எதேனைச் சேர்த்தால் நிறம் அப்படியே இருக்கும்.

எண்ணெய் ஐதரோகாபன் அல்ல. ஆனால் அதிலுள்ள கொழுப்பமிலங்களின் நீண்ட வால் அதே காபன், ஐதரசன் சங்கிலிதான். தேங்காய் எண்ணெயில் பெரும்பாலான வால்களில் காபன்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்புகளே உள்ளன. நேரான விறகுகளைப் போல அவை நெருங்கி அடுங்கும். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். நல்லெண்ணெயில் அதிகம் இருப்பவை ஒலெயிக், லினோலெயிக் அமிலங்கள். இரட்டைப் பிணைப்புள்ள இடத்தில் அவற்றின் வால் வளைகிறது. கோணல் விறகை நெருக்கி அடுக்க முடியுமா?

நிக்கலின் உதவியுடன் ஐதரசனை ஏற்றி, திரவ எண்ணெயைக் கெட்டியாக்கலாம். அரைகுறையாக ஏற்றினால் சில வளைவுகள் நிமிர்ந்து டிரான்ஸ் கொழுப்பாகின்றன. இதயத்துக்குக் கேடான இதை உணவிலிருந்து அகற்றும்படி உலக சுகாதார நிறுவனம் 2018இல் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது.

இந்நாட்டில் தெற்காசியருக்கு இதய நோய் ஆபத்து அதிகம். நிரம்பிய கொழுப்பு நாளொன்றுக்கு ஆண்களுக்கு 30 கிராமையும் பெண்களுக்கு 20 கிராமையும் தாண்டக்கூடாது என்பது இங்குள்ள சுகாதார ஆலோசனை. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே ஏறத்தாழ 11 கிராம் இருக்கிறது. ஒரு பெண்ணின் நாள் வரவுசெலவில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும்! தேங்காய்ப்பாலும் அதே கணக்கில்தான் வரும்.

தேங்காயை ஒதுக்கச் சொல்லவில்லை. அடுத்தமுறை கடையில் போத்தலைத் திருப்பி, 'சாச்சுரேட்ஸ்' என்ற வரியைப் படியுங்கள். அது ஐதரசன் நிரம்பிய வால்களின் கணக்கு. அதைப் பார்த்து அளவோடு ஊற்றுங்கள்.