கணக்குப் பிழையும் அதன் திருத்தமும்

உடுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் புறப்படுவோர் பெரும்பாலும் வல்லை வெளியைக் கடந்தே செல்வர். அங்கே பாலத்தருகில் ஒருவர் நின்று, போகும் வண்டிகளை எண்ணுவதாக நேயர்கள் எண்ணிக்கொள்க. அவர் கையிலுள்ள எண்ணும் கருவியில் நான்கு இலக்கங்களே உண்டு. 9999க்கு அடுத்த வண்டி வந்ததும் அது 0000 என்று காட்டும். மாலையில் வரும் அதிகாரி, ‘இன்று 12 வண்டிகள்’ என்று ஏட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார்.

கணினி வலையமைப்பிலும் இத்தகைய பிழை நேர்வதுண்டு. ரொறன்ரோவிலுள்ள பேரப்பிள்ளையின் முகம் உடுப்பிட்டி வீடொன்றின் திரையில் தோன்றும்போது, உருவமும் குரலும் சிறுசிறு பொதிகளாகவே வந்து சேர்கின்றன. கணினியின் வலையமைப்பு அட்டையைத் தொழிற்படுத்தும் மென்பொருளுக்கு இயக்கி என்று பெயர். பொதிகளை வாங்குவதும் அனுப்புவதும் மட்டுமன்று, அவற்றை எண்ணிவைப்பதும் அதன் கடமையாகும்.

32 பிட் அளவுள்ள எண்ணி 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 295 பைட்டு வரை எண்ணும்; பின்னர் சுழியத்துக்குத் திரும்பிவிடும். விநாடிக்கு ஒரு கோடி பிட்டுகள் செல்லும் பழைய ஈதர்நெட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால், இதற்கு 57 நிமிடங்கள் செல்லும். நூறு கோடி பிட்டுகள் செல்லும் இணைப்பிலோ 34 விநாடிகளே போதும். ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை எண்ணியைப் பார்ப்பவர், இடையில் அது எட்டுத் தடவை சுற்றியதை எவ்வாறு அறிவார்?

இணைப்பு அறுந்தால் உடனே முறைப்பாடு வரும். கணக்குப் பிழைத்தால் ஒருவரும் முறையிடார், பொதிகள் போய்க்கொண்டேயிருக்கும். ஏட்டைப் பார்க்கும் பொறுப்பாளர் வழியில் இடம் மிகுதியாக உண்டென்று நம்பி, விரிவாக்கத்தை ஒத்திவைப்பார். அங்கே பேரப்பிள்ளையின் குரல் விட்டுவிட்டுக் கேட்கும்.

எண்ணியை 64 பிட் ஆக்கிவிட்டால் போதாதோ எனலாம். போதாது. 32 பிட் கணினி அவ்வெண்ணை இரு பாதிகளாகவே கையாளும். கீழ்ப்பாதி சுழியமாகி, மேற்பாதி இன்னும் கூடாத நொடியில் ஒருவர் படித்தால், கணக்கில் ஏறத்தாழ 430 கோடி பைட்டுகள் மறைந்துபோகும். இதற்கென 2010ஆம் ஆண்டில் எரிக் டுமாசே என்பவர் லினக்ஸில் ஓர் ஏற்பாடு செய்தார். படிக்குமுன்னும் படித்தபின்னும் ஒரு வரிசை எண்ணைப் பார்க்கவேண்டும். அது மாறியிருந்தால் மீண்டும் படிக்கவேண்டும்.

ஆகவே, இயக்கி ஒன்றுக்குத் திருத்தம் வரும்போது, அதனை மீளாய்வு செய்பவர் எண்ணியின் அகலத்தோடு அமைதல் ஆகாது. எந்த வேளையில் எண்ணப்படுகிறது என்பதையும் அவர் பார்த்தல் வேண்டும். பொதியை அட்டையிடம் ஒப்படைத்த பின்பு அதன் நீளத்தைப் படிக்கும் இயக்கிகள் உண்டு. கடிதத்தைத் தபாற்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பின்னர் அதை நிறுக்கத் தராசைத் தேடுவது போன்றது இது. பொதி அதற்குள் சென்று, அதன் நினைவகம் வேறொன்றுக்கு வழங்கப்பட்டிருக்கலாம். நீளத்தை முன்னரே குறித்துக்கொள்வது திருத்தம். ஆயின், ஒப்படைக்கும்போதே கணக்கிலும் ஏற்றிவிட்டால், அட்டையால் அனுப்பமுடியாது போன பொதியும் அனுப்பப்பட்டதாகவே பதிவாகும். ஒரு பிழையை நீக்கவந்த கை இன்னொன்றை நட்டுவிடுவது இவ்விடத்திலேதான். அனுப்பி முடிந்ததென்று அட்டை அறிவித்தபின் எண்ணுவதே பொருத்தமானது.

எதனை எண்ணுவது என்பது மற்றொரு வழக்கு. ஒவ்வோர் ஈதர்நெட் பொதியின் இறுதியிலும் பிழை காண்பதற்கென நான்கு பைட்டுகள் உண்டு. லினக்ஸின் விதி இவற்றைப் பைட்டுக் கணக்கிற் சேர்க்கலாகாது என்கிறது. வலையமைப்பு மேலாண்மைக்குரிய பழைய நெறியோ சேர்க்கவேண்டும் என்கிறது. இரண்டும் ஏற்கத்தக்கனவே, ஒரே இயக்கியில் இரண்டையும் கலப்பதே தவறு.

மீளாய்வாளர் திருத்தியவரின் சொல்லை மட்டும் நம்புவதில்லை. அளவு தெரிந்த பத்து இலட்சம் பொதிகளை அனுப்பி, மறுமுனையிலுள்ள இணைப்புக் கருவியின் கணக்கோடு ஒப்பிடுவார். வித்தியாசம் சரியாக 40 இலட்சம் பைட்டுகளாயின், அந்த நான்கு பைட்டுகளே காரணம். 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 ஆயின், எண்ணி ஒருமுறை சுற்றியிருக்கிறது. இரண்டுமல்லாத சில்லறை எண் வந்தால், திருத்தம் எழுதியவரிடமே திரும்பிப் போகும்.