சக்கரங்களின் மேல் ஓர் ஊர்

(வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக ஒரே கூடத்தில், ஒரே ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடிவரும் ஒரு வட்டத்தின் முன்னிலையில், ஓரிடத்தில் 14 நாள்களுக்கு மேல் தங்க இயலாத மனிதர்களைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டபோது நம் செயலாளர் சற்றே தயங்கினார். 'இதில் இலக்கியம் எங்கே வருகிறது?' என்றார். வரும், சற்றுப் பொறுங்கள் என்றேன். உங்களிடமும் அந்தப் பொறுமையையே வேண்டுகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேனையே வீடாகக் கொண்டு வாழ்பவர்களை இரு வகையினராகப் பிரிப்பது வழக்கம். விரும்பிப் போனவர்கள் ஒரு வகை; வேறு வழியின்றிப் போனவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினரின் புகைப்படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்கதவு திறந்திருக்கும்; அதற்கப்பால் கடலோ மலையோ தெரியும். 2011-ஆம் ஆண்டில் ஃபாஸ்டர் ஹண்டிங்டன் என்ற இளைஞர் தம் படங்களுக்கு 'வேன்லைஃப்' என்று இட்ட பெயர், சில ஆண்டுகளிலேயே ஒரு நாகரிகத்தின் பெயராகிவிட்டது. அந்தப் படங்களில் அண்டைவீட்டார் என்று எவரும் இருப்பதில்லை. வேறு மனித முகம் இல்லாதிருப்பதே அவற்றின் கவர்ச்சி. இன்று நான் பேச விரும்புவது அந்தச் சட்டகத்துக்கு வெளியே விடப்பட்ட அண்டைவீட்டாரைப் பற்றி.

இரண்டாம் வகையினரைப் பரவலாக அறியச் செய்தது ஜெஸிக்கா புரூடர் 2017-இல் வெளியிட்ட 'நோமட்லேண்ட்' என்ற நூல். குளோயி ஜாவ் இயக்கிய அதன் திரைவடிவம் 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்றோர் ஊர் இருந்தது. சுவர்ப்பலகைக்கான ஜிப்சம் வெட்டும் நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர் அது. 2008-இன் பொருளாதாரச் சரிவில் வீடு கட்டும் தொழில் படுத்தது. 2011 ஜனவரியில் ஆலை மூடப்பட்டது. ஆலையோடு ஊரும் காலியாயிற்று. அவ்வூரின் அஞ்சல் குறியீட்டெண்ணே கைவிடப்பட்டது. (2016-இல் வேறொரு நிறுவனம் அதை வாங்கியபின் ஓரளவு உயிர் திரும்பியது என்பதையும் சொல்லவேண்டும்.) வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். வேலையும் வீடும் தேநீர்க் கடையும் தேவாலயமும் ஒரே நாளில் போனால் மனிதன் எதைத் தேடுவான்? படத்தின் கதாநாயகி அந்த ஊரிலிருந்துதான் வேனில் கிளம்புகிறாள்.

வேனில் வாழ்வதன் உண்மையான இக்கட்டு இடநெருக்கடி அன்று. இடநெருக்கடியை நாம் அறிவோம். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்து வளர்ந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். நகரத்தில் வேனில் உறங்குகிறவர் கற்கும் முதல் பாடம், கண்ணில் படாதிருத்தல். இரவு வெகுநேரம் கழித்து வந்து, விடியுமுன் கிளம்பிவிட வேண்டும். கண்ணாடிகளைக் கறுப்புத் துணியால் உள்ளிருந்து மறைத்துக்கொள்ள வேண்டும். உறங்கும் தெருவில் சமைக்கக் கூடாது. அடுத்த இரவும் அதே தெருவுக்கு வரக் கூடாது. குளிப்பதற்கென்றே உடற்பயிற்சிக் கூடத்தில் உறுப்பினராகச் சேர்வது அங்கு சாதாரணம். வாகனத்தை உறைவிடமாகப் பயன்படுத்தக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் நகரம் நெடுங்காலம் வைத்திருந்த ஒரு விதியை, அது தெளிவற்றது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் தள்ளியது. ஆனால் 2024 ஜூனில், பொது இடத்தில் உறங்குவதற்குத் தண்டனை விதிக்க நகரங்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவை யாரேனும் தட்டினால் அது நண்பராயிருக்கும் என்று நினைக்கும் வழக்கம் இத்தகைய வாழ்வில் மெல்ல மறைந்துபோகிறது.

ஆக, பாதுகாப்பு ஒளிந்திருப்பதில் இருக்கிறது. துணையோ கண்டுபிடிக்கப்படுவதில் இருக்கிறது. இந்த முரணை அவர்கள் எவ்வாறு தீர்த்தார்கள் என்பதே என் வியப்புக்குக் காரணம்.

ஒரு வழி, காகிதம். இலக்கிய வட்டத்தில் இதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. ஜோ பீட்டர்சன் மின்பணியாளர். அவர் மனைவி கே பீட்டர்சன் செவிலியர். இருவரும் வீட்டை விட்டு வண்டியில் வாழத் தொடங்கினார்கள். தம் வாழ்க்கையைப் பற்றி ஒரு பயண இதழில் கே எழுதிய கட்டுரைகளைப் படித்து, 'நாங்களும் இப்படித்தான் வாழ்கிறோம், எங்களைப் போல் வேறு யார் இருக்கிறார்கள்?' என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. அவர்களை ஒருவரோடொருவர் இணைக்க 1978-இல் ஒரு செய்திமடல் தொடங்கினார்கள். நம் சிற்றிதழ்களைப் போன்றதுதான்: எழுதுகிறவர்களே வாசகர்கள், வாசகர்களே சந்தாதாரர்கள். அதிலிருந்து வளர்ந்ததே 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கம். டெக்ஸாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில் அதன் தலைமையகம் உள்ளது. உறுப்பினர்களின் கடிதங்களெல்லாம் அங்கு வந்து சேரும். அவரவர் அந்த வாரம் எந்த ஊரில் நிற்கிறாரோ அந்த ஊருக்கு அவை திருப்பி அனுப்பப்படும். நிலையில்லாதவர்களின் கூட்டம் முதலில் உண்டாக்கிக்கொண்டது ஒரு நிலையான முகவரியை! பின்னர் உறுப்பினர்கள் சிலர் கூட்டுறவு முறையில் நிலம் வாங்கி, தாங்களே குழாய் பதித்து, தங்குமிடங்களும் அமைத்துக்கொண்டார்கள்.

இதற்கு முன்பே, 1969-இல், தனியராய் வாழ்வோர்க்கென 'லோனர்ஸ் ஆன் வீல்ஸ்' என்றொரு சங்கம் தோன்றியிருந்தது. அதில் இரு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் விரும்பித் திருமணம் செய்துகொண்டால் இருவரும் சங்கத்தை விட்டு விலகிவிட வேண்டும். வெற்றியடைந்தவர்களை வெளியேற்றும் சங்கம் உலகில் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது.

இன்னொரு வழி, பாலைவனம். அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகருக்கு மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் குவார்ட்ஸைட் என்ற ஊர் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2,400 பேர் வாழும் ஊர். குளிர்காலத்தில் அங்கு வந்துபோகிறவர்கள் லட்சக்கணக்கில். ஊரைச் சுற்றிலும் நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான பாலை. 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். பிறகு 25 மைலுக்கு அப்பால் போய்விட வேண்டும். 1983 முதல், ஊரை அடுத்த லா போசா என்னும் பகுதியில் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தொடர்ந்து தங்க அனுமதிச் சீட்டும் கொடுக்கிறார்கள். பல்லாண்டுகள் அதன் கட்டணம் 180 டாலராக இருந்தது. ஏழு மாதத்துக்கு 180 டாலர் என்பதை அந்நாட்டு வாடகையோடு ஒப்பிட்டால், ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊரின் புகழ்பெற்ற நினைவுச்சின்னம் ஒரு நாடோடியின் கல்லறை என்பதை இடையே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க இராணுவம் பாலையில் ஒட்டகங்களைப் பயன்படுத்திப் பார்த்தது. ஒட்டகங்களோடு மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தவர் ஹாஜி அலி. அந்தப் பெயர் அமெரிக்கர் நாவில் 'ஹை ஜாலி' ஆயிற்று. 1902-இல் இறந்த அவருக்குக் கற்களால் ஒரு கூர்நுனிக் கோபுரம் எழுப்பி உச்சியில் ஓர் ஒட்டகத்தையும் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாலையில்தான், அலாஸ்காவில் மணமுறிவுக்குப் பின் 1995-இல் ஒரு பழைய சரக்கு வேனில் குடிபுகுந்த பாப் வெல்ஸ் என்பவர், ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு கூடுகையை நடத்தத் தொடங்கினார். முதலில் வந்தவை சில பத்து வண்டிகள். பத்தாண்டுக்குள் ஆயிரக்கணக்கில் பெருகின. பகலில் வகுப்புகள்: சூரியத் தகடு பொருத்துவது, மலம் அகற்றுவது, குறைந்த பணத்தில் பல் மருத்துவம் பெறுவது. மாலையில் தீ மூட்டிச் சுற்றி அமர்தல். ஓரிடத்தில் விரிக்கப்பட்ட பாயில் தமக்கு வேண்டாதவற்றை வைத்துவிடுவார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே என்பது மாறாத ஏற்பாடு. வேனிலோ ஒரு பாத்திரம் கூடினால் படுக்கை குறையும். ஆகவே கொடுப்பவருக்கு அது பாரம் இறக்குதல். வாங்குபவர் கூச வேண்டியதில்லை. இந்தச் சிறு ஏற்பாடு என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு குளிர்காலத்தில் நானும் அப்பக்கம் இரண்டு நாள் போயிருந்தேன். வண்டிகள் நெருங்கி நிற்பதில்லை. ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். வாசலில் நாற்காலி போட்டிருந்தால் வரலாம் என்று பொருள். கதவு சாத்தியிருந்தால் வரவேண்டாம் என்று பொருள். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மையார், தமக்கு மூன்று வண்டி தள்ளி நிற்பவரின் மருந்து வேளைகளைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அவருடைய குடும்பப் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றார். மார்ச்சில் அவர் எங்கே போவார் என்று மட்டும் தெரியும் என்றார்.

செயலாளருக்கு நான் சொன்ன பதில் இங்கேதான் வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணரின் வண்டி ஒன்று வருகிறது. அதில் கோழி அடையும் கூடு இருக்கிறது, சிறிய உரல் கட்டித் தொங்குகிறது, காடி வைத்த கலம் இருக்கிறது; கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். புறநானூற்றில் ஔவையார், உமணர் வண்டியின் அடியில் கட்டிவைக்கும் மாற்று அச்சைக்கூட உவமையாக்கியிருக்கிறார். வண்டியே வீடானவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால் நான் கருதுவது வண்டியை அன்று, ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையையே. பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் எதிரே வறுமையோடு வருகிறவனைக் கண்டு, எந்த வழியில் போ, எங்கே என்ன உணவு கிடைக்கும், யார் வரவேற்பார் என்று சொல்கிறான். இருவரும் ஓர் ஊரார் அல்லர்; மறுபடி சந்திப்பார்கள் என்ற உறுதியும் இல்லை. வழி சொல்வதுதான் அவர்களுக்கிடையிலான உறவு. அரிசோனாப் பாலையின் தீயைச் சுற்றி நிகழும் பேச்சில் பெரும்பகுதி இதுவே. எந்த ஊரில் குடிநீர் பிடிக்கலாம், எந்தக் கடையின் நிறுத்துமிடத்தில் இரவு தங்க மேலாளர் அனுமதிப்பார், மெக்ஸிகோ எல்லைக்கு அப்பால் லாஸ் அல்கோடோனெஸ் என்ற ஊரில் பல் கட்டிக்கொள்ள எந்த நாளில் யார் வண்டி போகிறது. ஊர் என்பது சேர்ந்து வாழும் நிலம் என்று நாம் எண்ணுகிறோம். இவர்களுக்கு அது ஒரு நாள்காட்டியும் சில வழிக்குறிப்புகளும்.

நாள்காட்டி என்பதை அழுத்திச் சொல்கிறேன். கோடையில் குவார்ட்ஸைட்டில் வெயில் 40 பாகையைத் தாண்டும். அப்போது அவர்கள் ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற உயரமான இடங்களின் காடுகளுக்கு ஏறிவிடுவார்கள். சிலர் முகாம்களில் காவல் வேலைக்குச் செல்வார்கள். அக்டோபரில் வட டகோட்டா, மினசோட்டா பக்கம் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடை. அமேசான் நிறுவனம் 2008 முதல் பல ஆண்டுகள் பண்டிகைக் காலத்துக்கென்று இவர்களையே தேடி வேலைக்கு எடுத்தது. அந்தத் திட்டம் இப்போது இல்லை. வயதானவர்கள் கிடங்கில் நாளெல்லாம் நடந்து கால் வீங்கியதை புரூடர் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபின் 'சுதந்திரப் பறவைகள்' என்று இவர்களைப் பாட எனக்கு நா எழவில்லை.

இந்த ஊருக்கும் மதில் உண்டு. பாலையில் கூடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள். புரூடரும் இதைக் கவனித்திருக்கிறார். இரவில் அறியாத தெருவில் வண்டிக்குள் உறங்கும் ஒரு கறுப்பரின் கதவைக் காவலர் தட்டும்போது நேரக்கூடியது வேறு என்பதை அந்நாட்டின் செய்திகளைப் படிக்கிறவர்கள் அறிவார்கள். வழி சொல்லக் கேட்பவன், அந்த வழியில் போகத் துணிபவனாகவும் இருக்க வேண்டுமே. 2018-இல் பாப் வெல்ஸும் சுவான் கார்ல்ஸனும் தொடங்கிய அறநிறுவனம், வேன் வாங்க வசதியற்றோர்க்கு வேன்களை வாழ்விடமாக அமைத்துத் தருகிறது. நல்ல பணிதான். ஆனால் வீடற்றவனுக்கு வேன் கொடுக்கும் அறம், வீடு கொடுக்காத அரசுக்குச் சௌகரியமாகிவிடுமோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது.

அரசு இவர்களை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஒரு சான்று. அஞ்சல் முகவரி ஒன்றை வாங்கி, ஓர் இரவு தங்கிய சீட்டைக் காட்டினால் ஓட்டுநர் உரிமம் தரும் மாநிலம் தெற்கு டகோட்டா. அதனால் வண்டிவாசிகள் பலர் அதையே தம் மாநிலமாக்கிக்கொண்டார்கள். 2023-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. வாக்காளராகப் பதிய 30 நாள் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும் என்றது. வரி வாங்கும்போது கேட்காத கேள்வியை வாக்குக் கேட்கும்போது கேட்டார்கள்.

இனி, முதுமை. கண் மங்கி, கை நடுங்கி, ஓட்ட முடியாத நாள் வரும்போது இந்தக் கூட்டம் என்ன செய்யும்? நான் இந்த ஆராய்ச்சியில் இறங்கியதே இக்கேள்விக்காகத்தான். லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் உறுப்பினர்கள் தங்கள் செய்திமடல் வளர்ந்த அதே வளாகத்தில் ஒரு பராமரிப்பு நிலையம் அமைத்திருக்கிறார்கள். முதியவர் தம் வண்டியை விற்றுவிட்டு வர வேண்டியதில்லை. அதை ஓட்டியோ ஓட்டச் சொல்லியோ கொண்டுவந்து நிறுத்தி, அதிலேயே வாழலாம். உணவு தருகிறார்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார்கள், பகலில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. உதவியாளர்களில் பலர் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் உறுப்பினர்களே. சில வாரம் அங்கு நிறுத்தி, சமைத்து, பெருக்கி, முதியவர்களோடு சீட்டாடிவிட்டுக் கிளம்புகிறார்கள். அவர்கள் போன இடத்திற்கு வேறு வண்டி வந்து நிற்கிறது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருப்பின் தேநீருக்குப் பின் பேசலாம்.