நீரைத் தூய்மையாக்கும் தூள் நிலத்தைக் கெடுக்கலாமா?

(பருத்தித்துறையில் நிகழ்த்திய உரை)



வடமராட்சிக்கு ஆறுமில்லை, மலையுமில்லை. வானம் பொழியும் மழையைச் சுண்ணக்கற் பாறை தன் வயிற்றில் ஏந்தி வைத்திருக்க, அதனை இறைத்தே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்தோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம், மானத்தோடு வாழ்ந்தோம். தாளையடியில் 2024ஆம் ஆண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது உண்மையே. ஆயினும், குழாய்நீர் அடுக்களைக்கு வரும், தோட்டத்துக்கு வாராது. கிணறு கெட்டால் கமம் கெட்டது. கமம் கெட்டால் குடி கெட்டது.

அக்கிணறு கெடக்கூடும் என்பதைச் சுன்னாகம் காட்டிற்று. அனல்மின் நிலையச் சூழலில் எண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்பிரலில் நீதியரசர்கள், மாசு செய்தவனே அதற்கான விலையைக் கொடுக்கவேண்டும் என்னும் நெறியை ஏற்று, பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் செலுத்துமாறு மின்னுற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டனர். தீர்ப்பு நன்று. ஆனால் தீர்ப்பால் எண்ணெய் கரையுமா? கிணற்றைத் துப்புரவு செய்யும் வழியையும் நாம் தேடவேண்டும் அல்லவா?

அவ்வழிகளுள் ஒன்றினை அறிவியல் காட்டுகின்றது. 1972இல் புஜிசிமா, ஹொண்டா என்னும் யப்பானிய அறிஞர் இருவர், தைத்தானியம் ஈரொட்சைட்டின்மீது ஒளி பட்டால் நீரே பிளவுபடுகின்றது என வெளியிட்டனர். 1977இல் பிராங்க், பார்ட் என்போர் அதே பொருளைக்கொண்டு நீரிலுள்ள சயனைட்டு நஞ்சைச் சிதைக்கலாம் எனக் காட்டினர். ஒளி பட்டதும் அப்பொருளில் இலத்திரன்கள் கிளர்ந்தெழுகின்றன. அவை நீரோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து மிகுந்த வேகமுள்ள துணிக்கைகளை ஆக்குகின்றன. அத்துணிக்கைகள் எண்ணெயையும் பூச்சிநாசினியையும் துண்டு துண்டாக உடைக்கின்றன. பொருளை நனோ அளவுக்கு, அதாவது ஒரு மீற்றரின் நூறு கோடியில் சில பங்கு அளவுக்கு, நுணுக்கினால் மேற்பரப்பு பெருகும், வேலையும் பெருகும். வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஆயினும் இப்பொருள் சூரிய ஒளியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவேயான கழியூதாக் கதிரையே பயன்படுத்த வல்லது என்பதையும் மறத்தலாகாது.

இனி நாம் எழுப்பும் வினா இதுவே: நீரைத் தூய்மையாக்கும் இத்தூள் எங்கே, எவ்வாறு பிறக்கின்றது?

புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று உண்டு. அதுவே தைத்தானியத்தின் தாய். பல்லாண்டுகளாக அது பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்திருக்கின்றது. இங்கேயே பதப்படுத்துவோம் என்பார் கூற்று நியாயமானதே. ஆனால் பழைய முறையில் இல்மனைற்றைச் செறிந்த கந்தக அமிலத்திற் கரைத்தால் இரும்புச் சல்பேற்றும் கழிவமிலமும் மிஞ்சும். 1972இல் இத்தாலிய நிறுவனமொன்று இத்தகைய கழிவைக் கோர்சிக்காத் தீவுக்கு அப்பால் கடலிற் கொட்டியது; அத்தீவின் மீனவர் கொதித்தெழுந்தனர். 1978இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தைத்தானியத் தொழிலின் கழிவுக்கென்றே தனிவிதி இயற்ற நேர்ந்தது. நம் தோட்டக்காரனின் கிணற்றுக்காக நம் கடற்றொழிலாளியின் கடலைப் பலியிடுவது எந்த நீதி?

பசுமை வழிகள் இல்லாமலில்லை. வேம்பு, முருங்கை முதலியவற்றின் இலைச்சாற்றைக்கொண்டு, தண்ணீரையே ஊடகமாக்கி, குறைந்த வெப்பத்தில் நனோத் துகள்களை ஆக்கும் முயற்சிகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. தைத்தானியமே வேண்டாத வழியுமுண்டு. யூரியாவை ஏறத்தாழ 550 பாகை செல்சியசில் சூடாக்கினால் மஞ்சள் நிறக் காபன் நைத்திரைட்டு கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியிலும் அது வேலை செய்யும். அப்போது எழும் அமோனியா வாயுவைப் பிடித்தடக்க வேண்டும்.

எனினும், 'பசுமை' என்ற சொல்லைக் கேட்டவுடன் கையொப்பம் இட்டுவிடாதீர்கள். இலைச்சாறு கடைசிப் படியை மட்டுமே பசுமையாக்கும். அதற்குமுன் வாங்கிய தைத்தானிய உப்பு பழைய அமில வழியில் வந்ததாயின், அழுக்கு மறையவில்லை. அடுத்தவன் வளவுக்கு மாறியிருக்கின்றது. சாட்சியை முழுவதும் விசாரியாமல் தீர்ப்பளிப்பது முறையாகாது. சுரங்கம் முதற் கழிவுக்குழி ஈறாக முழுக்கணக்கையும் கேளுங்கள். தூளை நீரிற் கரைய விடாமல் கண்ணாடியிலோ ஓட்டிலோ படியவைத்திருக்கின்றார்களா என்றும் கேளுங்கள். மருந்தே நஞ்சாக மாறிவிடக் கூடாது.

இன்னொன்றையும் மறைத்தல் தகாது. நமது கிணறுகளின் பெருநோய் நைத்திரேற்று. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டுக் கிணறுகள் பல அதனைத் தாண்டியுள்ளன. ஒளியால் எண்ணெயும் பூச்சிநாசினியும் சிதைவதுபோல் நைத்திரேற்று எளிதிற் சிதையாது. உரத்தை அளவோடு இடுவதே அதற்கு முதல் மருந்து. மருந்தடிக்கும் கருவியைக் கிணற்றடியிற் கழுவாதிருப்பது அடுத்த மருந்து. இவ்விரண்டுக்கும் எந்த மந்திரியின் உத்தரவும் வேண்டியதில்லை.

ஆதலால் நாம் கேட்பன மூன்று. கிணற்று நீரைக் காலந்தோறும் பரிசோதித்து, முடிவை மக்கள் முன் வைக்கவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் கமக்காரரும் கூடி, மருந்துக்கருவி கழுவிய நீரைச் சூரிய ஒளியாற் சுத்திகரிக்கும் சிறு தொட்டியொன்றை இம்மண்ணிலேயே அமைத்துப் பார்க்கவேண்டும். புல்மோட்டை மணலைப் பதப்படுத்த எவர் வந்தாலும், கழிவுக்குப் பொறுப்பேற்கும் நிபந்தனையை உடன்படிக்கையிலேயே எழுதவேண்டும்.

துப்புரவு செய்யும் கருவி வந்துவிட்டது என்பதனால் அழுக்காக்கும் உரிமை எவருக்கும் பிறந்துவிடாது. அந்த உரிமையை எவருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை என்ற உறுதியோடு, நாளை விடிந்ததும் நம் கிணற்றடியிலிருந்தே வேலையைத் தொடங்குவோமாக!